கிராஞ்சி மசாலா ஆலையின் கூரைக் கடன்

எங்கள் சிங்கப்பூர் வங்கியின் கடன் விதிமுறைக் கையேட்டில், மின் உற்பத்திச் சாதனங்களுக்கான பிரிவில் இப்படி ஒரு வரி இருந்தது: "வணிக அளவில் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் இயங்கி நிரூபிக்கப்பட்ட மாதிரிச் சாதனங்களுக்கு மட்டுமே கடன் வழங்கலாம்."

நல்ல விதிதான். டீசல் ஜெனரேட்டரை மனத்தில் வைத்து யாரோ எழுதியது. டீசல் ஜெனரேட்டர் பொறுமையான பிராணி. பத்தாண்டுக்கு முன் வந்த மாதிரியை இன்றும் அதே பச்சை வண்ணம் அடித்து விற்பார்கள். சூரியத் தகட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு மாதிரி சந்தைக்கு வந்து இரண்டு தீபாவளி பார்ப்பதற்குள், அதைவிடத் திறன் கூடியதும் விலை குறைந்ததுமான இன்னொன்று வந்துவிடும். பழையதைச் செய்த தொழிற்சாலை அந்த இயந்திரத்தையே கழற்றிப் போட்டுவிடும். ஆகவே, விதிப்படி நாங்கள் கடன் தரக்கூடிய தகடு எதுவும் கடையில் கிடைக்காது. கடையில் கிடைக்கும் தகடு எதற்கும் நாங்கள் கடன் தரக்கூடாது. இந்த விதியை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் நான் சூரிய மின்சாரத் திட்டங்களுக்குக் கடன் மதிப்பிடும் அதிகாரியாக இருந்தேன்.

போன மாதம் பழைய சக ஊழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இப்போது கூரைத் தகடுகளோடு, பகல் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் எடுக்க பேட்டரியும் சேர்த்துக் கடன் கேட்கிறார்களாம். "ரெஜினா அக்கா, பேட்டரிக்கு அந்தப் பழைய ரூலையே சொல்றாங்க. டென் இயர்ஸ் ஓடின பேட்டரிக்கு நான் எங்க போறது? அப்ப நீங்க என்னதான் பண்ணீங்க?" என்றார். போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். இதோ.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வாடிக்கையாளர் சிரித்தால் இருப்புநிலைக் குறிப்பைப் பார், அழுதால் இன்னும் கவனமாகப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் நான் திரு லிம்மிடம் கற்றது.

திரு லிம் எங்கள் துறைத் தலைவர். குளிர்சாதனத்துக்கு அஞ்சிச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கோப்பி ஓ கோசோங் என்கிற பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பியை ஆறவிட்டுக் குடிப்பவர். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் படிப்பார். முன்பக்கங்களில் வாடிக்கையாளரின் கனவும் பின்பக்கங்களில் அவருடைய நிலைமையும் இருக்கும், எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்பார். கோப்பில் எதுவும் எழுதமாட்டார். சந்தேகமான வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான். அது ஏன் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துக்கொண்டு போனால் இன்னொரு கேள்வி இருக்கும்: "தொட்டுப் பார்த்தாயா?" அடமானத்துக்கு வரும் எந்தப் பொருளையும் கையால் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவர் கொள்கை. துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு பாரந்தூக்கியைத் தொடுவதற்காக நான் சேலையோடு இரும்பு ஏணியில் ஏறியிருக்கிறேன். அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார். இங்கே தமிழாக்கித் தருகிறேன், சிங்கப்பூர்க்காரர்கள் பேச்சின் முடிவில் ஒட்டும் அந்த "லா" மட்டும் அவருடையது.

அந்தக் காலத்தில்தான் கூரை வாடகை முறை புதிதாக வந்திருந்தது. கட்டடக்காரர் தகடு வாங்கத் தேவையில்லை. தகடு போடும் நிறுவனமே கடன் வாங்கித் தன் செலவில் போடும். அதிலிருந்து வரும் மின்சாரத்தை அதே கட்டடத்துக்கு, வெளிக்கம்பியில் வரும் விலையைவிடக் குறைத்து, நீண்ட கால ஒப்பந்தத்தில் விற்கும். மிஞ்சுவது பொது மின்கட்டமைப்புக்குப் போகும். ஆக, வங்கி பிணையாக வைத்துக்கொள்வது வேறொருவர் கூரைமேல் இனிமேல் விழப்போகும் வெயிலை. நிலத்தையும் கிடங்கையும் பார்த்துப் பழகிய எங்கள் துறையில், வெயிலை எந்தப் பெட்டகத்தில் வைப்பது என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார்.

இந்த முறையில் எங்களிடம் முதன்முதலாகக் கடன் கேட்டு வந்தவர் தேவராஜ். பெரிய நிறுவனம் ஒன்றில் மின் பொறியாளராக இருந்து, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தகடு போடத் தொடங்கியவர். அவரிடம் தமிழ்நாட்டிலிருந்து வந்த நான்கு தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். கையில் இருந்த ஒரே பெரிய ஒப்பந்தம் கிராஞ்சிப் பக்கம் இருந்த ஒரு மசாலா ஆலையின் கூரை.

"இது கிடைக்கலன்னா கம்பெனிய மூடணும்க்கா," என்றார் தேவராஜ், என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து. "நான் எங்கயாச்சும் வேலைக்குப் போயிருவேன். என் ஆளுங்க நாலு பேருக்கும் பெர்மிட் கேன்சல் ஆயிரும். முத்து இப்பதான் ஏஜென்ட் கடன அடைச்சு முடிச்சான். நாளைக்கு ஊருக்குப் போடான்னு எப்படிச் சொல்றது?"

"ஆலைக்காரர் எவ்வளவு நாள் காத்திருப்பார்?"

"காத்திருப்பாங்களா! சரஸ்வதி அக்கா அக்ரிமென்ட்லயே எழுதி வாங்கிட்டாங்க. தீவாளி அரைப்பு ஆரம்பிக்கறதுக்குள்ள கரென்ட் வரணும். இல்லன்னா பெரிய கம்பெனி ஒண்ணு வாசல்லயே நிக்குது."

சரஸ்வதி ஆலையின் உரிமையாளர். லிட்டில் இந்தியாவில் கடை, கிராஞ்சியில் அரவை. தீபாவளிக்கு முன்னால் சிங்கப்பூரில் பாதிப் பேர் வீட்டுக் குழம்பு அவர் மிளகாய்த் தூளில்தான் கொதிக்கும் என்பது அவர் சொல்லும் கணக்கு. மறுத்துச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

பத்தாண்டு விதிக்கு ஒரு மாற்று வழியும் கையேட்டிலேயே இருந்தது. வெளிநாட்டில் உள்ள வட்டார இடர்க் குழுவிடம் விதிவிலக்குக் கோரலாம். குழு குறித்த கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் துறைத் தலைவர் தம் வரம்புக்குட்பட்ட கடனாக இருந்தால் தாமே முடிவெடுக்கலாம். ஆனால் இரண்டு நிபந்தனைகள். குழு ஒரு கேள்வி கேட்டுவிட்டால் கெடு முதலிலிருந்து தொடங்கும். தீராத தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று இருந்தாலும் துறைத் தலைவர் கையெழுத்துப் போடக்கூடாது. அந்தக் குழு கேள்வி கேட்பதற்கென்றே கூடுகிற குழு. ஆகவே அவர்கள் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பதில் எழுதி, கேட்க ஒன்றுமில்லாமல் செய்துவிட வேண்டும்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். மேகம், வெப்பத்தில் குறையும் திறன், கூரையின் வலு, நிலக் குத்தகையின் மிச்ச காலம், தகடு செய்த நிறுவனம் நொடித்துப்போனால் உத்தரவாதம் என்னவாகும் என்பது வரை. கோப்பு திரு லிம்மிடமிருந்து திரும்பி வந்தபோது ஒரே ஒரு புள்ளி இருந்தது. ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில், "தூசினால் ஏற்படும் இழப்பு: பொருட்படுத்தத் தக்கதன்று. சிங்கப்பூரின் கனமழை தகடுகளைத் தானே கழுவிவிடும்" என்ற வரிக்கு அருகில்.

அந்த வரியை நான் வேறு பல அறிக்கைகளில் படித்திருக்கிறேன். குளிர்கிடங்குக்கும் அதுதான், பள்ளிக்கூடத்துக்கும் அதுதான். எழுதியவர்கள் கட்டடத்தின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். திரு லிம்முக்கோ மீன் தலைக் கறி பிடிக்கும். அதில் பல வெள்ளைச் சட்டைகளை இழந்தவர். மசாலாவும் மழையும் என்றதும் அவருடைய பென்சில் நின்றுவிட்டது.

"தொட்டுப் பார்க்கலாம் லா," என்றார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு முற்பகலில் போனோம். தேவராஜ் ஒப்பந்தம் பேசிய நாளிலேயே கூரையில் இரண்டு மாதிரித் தகடுகளை வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஒன்று கூரையின் மறுகோடியில், மற்றொன்று அரவை இயந்திரத்தின் காற்றுப்போக்கிக்குப் பக்கத்தில். கோடியில் இருந்தது பளபளவென்று இருந்தது. பக்கத்தில் இருந்தது சட்டியில் பிடித்த குழம்பு மாதிரி இருந்தது. மழை அதைக் கழுவவில்லை. தூளைக் குழைத்துத் தடவிவிட்டுப் போயிருந்தது. மழை விட்டதும் வெயில் அதை இறுக்கியிருந்தது. மஞ்சள் என்றால் வெயிலில் வெளுத்துவிடும், சேலைக் கறையைக் காயப்போட்டவர்களுக்குத் தெரியும். மிளகாயில் எண்ணெய் இருக்கிறது. அது வெளுக்கவில்லை.

"கரென்ட் எவ்வளவு குறையுது?" என்று கேட்டேன்.

தேவராஜ் அளவியைக் காட்டினார். முகம் வாடியிருந்தது. "இத எழுதத்தான் வேணுமாக்கா?"

"பார்த்தாச்சே. எழுதாம எப்படி?"

எழுதினால் அது தீராத தொழில்நுட்பச் சிக்கல். சிக்கல் இருந்தால் திரு லிம் கையெழுத்துப் போட முடியாது. தேவராஜுக்கு அது புரிந்திருந்தது. காற்றுப்போக்கிக்கு எதிர்ப்பக்கமாகத் தகடுகளை நகர்த்திவிடலாம் என்று ஆரம்பித்தார். கூடவே ஏறி வந்திருந்த சரஸ்வதி சிரித்துவிட்டார்.

"எந்தப் பக்கம் நகர்த்துவே தம்பி? காத்து பாதி வருஷம் அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது, பாதி வருஷம் இந்தப் பக்கத்துலேர்ந்து. நீ என்ன, தகட்டத் தூக்கிக்கிட்டு வருஷத்துக்கு ரெண்டு தரம் ஓடுவியா?"

இதற்குள் திரு லிம் தம் கொள்கைப்படி தகட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டார். விரல் சிவந்தது. திருப்தியாகத் தலையசைத்தார். வெயிலில் புருவத்தில் வழிந்த வேர்வையை அதே விரலால் துடைத்தார்.

அடுத்து எழுந்த சத்தத்தை நான் அவரிடமிருந்து அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை.

"ஐயோ, தேய்க்காதீங்க! டோன்ட் ரப், சார், டோன்ட் ரப்!" என்று சரஸ்வதி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தேவா, தண்ணி! ரெஜினா, நீங்க அந்தப் பக்கம் பிடிங்க!" நாங்கள் மூவருமாக எங்கள் வங்கியின் துறைத் தலைவரைக் கூரையிலிருந்து இறக்கி, ஆலையின் அலுவலக அறையில் உட்காரவைத்தோம். சரஸ்வதி தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினார். பிறகு ஈரத்துணியைக் கண்மேல் போட்டுவிட்டு, "எங்க வேலையில சேர்ற எல்லாருக்கும் மொதல் நாள் இதான் சார், ட்ரெயினிங்," என்றார்.

திரு லிம் கண்ணை மூடியபடியே, "பயிற்சி முடிந்தது," என்றார். "இப்போது சொல்லுங்கள், அம்மா. அந்தத் தூளை ஏன் வெளியே விடுகிறீர்கள்?"

மிச்சப் பேச்சுவார்த்தை முழுவதும் அவர் அந்த ஈரத்துணியோடுதான் நடத்தினார். எதிரில் இருப்பவர் முகம் தெரியாததால் பேச்சு வழக்கத்தைவிட நேராகவே நடந்தது என்று தோன்றுகிறது.

சரஸ்வதியின் பதில் தெளிவாக இருந்தது. ஒருமுறை காற்றுப்போக்கியில் துணி கட்டிப் பார்த்திருக்கிறார். காற்று அடைத்து இயந்திரம் சூடேறிவிட்டது. "சூடு ஏறுனா மொளகா கருத்துரும். கருத்த தூள என் கடையில வைக்க மாட்டேன். உங்க சூரியனுக்காக நான் என் தூளக் கெடுத்துக்க முடியுமா? பறக்கறது ஒரு சிட்டிக. அது போனாப் போகுது."

"ஒரு சிட்டிகை மட்டும்தானா?" என்றார் திரு லிம் துணிக்கு அடியிலிருந்து.

"பின்ன? மூட்டையா பறக்கும்?"

தேவராஜ் குறுக்கிட்டார். "அக்கா, நீங்க கட்டுனது எவ்வளவு பெரிய துணி?"

சரஸ்வதி இரண்டு கைகளையும் தலையணை அளவுக்கு விரித்துக் காட்டினார்.

"அதான் மூச்சு முட்டியிருக்கு. காத்து வெளிய போற எடம் பெருசா இருந்தா சூடேறாது. ஒரு ஆள் உயரத்துக்குப் பை தைச்சுத் தரேன். ஒரே ஒரு நாள் அரைச்சுப் பாருங்க. மொளகா கருத்துச்சுன்னா நானே அவுத்துர்றேன். அக்ரிமென்ட்டயும் கிழிச்சுரலாம்."

கையில் இருக்கும் ஒரே ஒப்பந்தத்தைப் பந்தயமாக வைக்கும் வாடிக்கையாளரை எங்கள் பயிற்சிக் கையேடு தவிர்க்கச் சொல்கிறது.

லிட்டில் இந்தியாவில் ஒரு தையற்கடையில் மெத்தை உறைத் துணியில் பை தைத்தார்கள். அந்த வாரமே நான் மறுபடி கிராஞ்சிக்குப் போனேன். திரு லிம் வரவில்லை. கண்ணைக் காரணம் காட்டி என்னை அனுப்பிவிட்டார். பை கட்டியதும் இயந்திரத்தை ஓட்டினார்கள். பை உப்பிக்கொண்டு, கூரைமேல் ஒரு பெரிய மனிதர் வந்து நிற்பது போல நின்றது. கீழே சரஸ்வதி, விழுந்துகொண்டிருந்த தூளைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தார். கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, முந்தைய நாள் தூளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேவராஜும் நான்கு தொழிலாளர்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் வரை அப்படியே போயிற்று.

அரவை முடிந்ததும் முத்துவும் இன்னொருவரும் பையை அவிழ்த்து இறக்கி, தரையில் விரித்த தாளில் கவிழ்த்தார்கள். செக்கச்செவேலென்று ஒரு குவியல் விழுந்தது. சரஸ்வதி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது ஒரு நாள் அரைப்பா?"

"ஒரு நாள்தான்க்கா."

"அப்ப இத்தன வருஷமா நான் கிராஞ்சிக் காக்காவுக்கா மொளகாத் தூள் போட்டுக்கிட்டிருந்தேன்?"

யாரும் சிரிக்கக்கூடாது என்று முயன்றோம். முத்துவால் முடியவில்லை. அவர் தொடங்கியதும் சரஸ்வதியே சிரித்துவிட்டார். மிளகாய் கருக்கவில்லை. சூடும் ஏறவில்லை. தரையில் கொட்டியதை விற்க முடியாது, அது சட்டம். ஆனால் இனி பறக்கவிடுவதில்லை என்று மல்லி, சீரகம் அரைக்கும் இயந்திரங்களுக்கும் அன்றே பை தைக்கச் சொல்லிவிட்டார். அறிக்கையில் தூசுப் பிரிவை நான் திருத்தி எழுதினேன்: சிக்கல் கண்டறியப்பட்டது, தீர்க்கப்பட்டது, தொட்டுப் பார்க்கப்பட்டது. கடைசிச் சொல் திரு லிம்முக்காக.

கோப்பு குழுவுக்குப் போயிற்று. கேள்வி எதுவும் வரவில்லை. பதிலும் வரவில்லை. தேவராஜ் நாள்தோறும் அழைத்தார். "என்னக்கா, ஏதாச்சும்?" "ஒண்ணுமில்ல தம்பி." "ஒண்ணுமில்லங்கறது நல்லதா கெட்டதா?" "நம்ம கேஸ்ல நல்லது." இதற்கிடையில் தகட்டின் சந்தை விலை இன்னும் இறங்கிவிட்டது. புதிய மாதிரிக்கு மாறலாமே என்று விற்பனையாளர் ஆசை காட்டினார். மாதிரியை மாற்றினால் கோப்பும் மாறும், கெடுவும் முதலிலிருந்து தொடங்கும் என்று தேவராஜிடம் சொல்லிப் பழைய மாதிரியிலேயே நிறுத்திவைத்தேன். விலை குறைகிறதே என்று காத்திருந்து கூரையையே விட்டவர்களை அந்தத் துறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கெடு முடியும் நாள் மாலை திரு லிம் என்னை அழைத்தார். அஞ்சல் அறையில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை பதில் எதுவும் வரவில்லை என்று உறுதி செய்யச் சொன்னார். அலுவலக நேரம் முடியும்வரை ஆறிய கோப்பியோடு உட்கார்ந்திருந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பேனா ஒன்றை எடுத்தார். அவர் பேனா பிடித்து நான் பார்த்தது அன்றுதான். அந்த விதிப்பிரிவை அவர் தம் பணிக்காலத்தில் பயன்படுத்தியதும் அன்று ஒருமுறைதான்.

"குழு பிறகு மறுத்துவிட்டால்?" என்று கேட்டேன்.

"என் பெயர் இருக்கிறது லா. உன் பெயர் இல்லை. நீ வீட்டுக்குப் போ."

தீபாவளி அரைப்பு தொடங்குவதற்கு முன்பே கிராஞ்சிக் கூரையில் மின்சாரம் வந்தது. தேவராஜின் நிறுவனம் பிழைத்தது. முத்து உள்பட நான்கு பேரின் பெர்மிட்டும் புதுப்பிக்கப்பட்டது. சரஸ்வதி எனக்கும் திரு லிம்முக்கும் ஆளுக்கு ஒரு பொட்டலம் மிளகாய்த் தூள் கொடுத்தனுப்பினார். வங்கி விதிப்படி பரிசு வாங்கக்கூடாது என்பதால் இரண்டையும் திருப்பிக் கொடுத்து, கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு துறையே மாறிவிட்டது. மின்நிலையங்கள் எரிக்கும் எரிவாயுவின் விலை ஏறிய காலத்தில், முன்பு எங்களைக் கண்டு ஓடியவர்கள் கூரையின் படத்தோடு வரிசையில் நின்றார்கள். பெரிய முதலீட்டு நிதிகள் வந்து சின்னச் சின்னக் கூரைகளை முருங்கைக்காய்க் கட்டு மாதிரி சேர்த்து வாங்கின. இருபக்கமும் வெளிச்சம் பிடிக்கும் தகடுகள் வந்தன. கூரை போதாமல் நீர்த்தேக்கத்தில் மிதக்கவிட்டார்கள். எங்கள் தலைமையகமும் விழித்துக்கொண்டு பத்தாண்டு விதியைத் திருத்தியது. திருத்தம் சூரியத் தகட்டுக்கு மட்டும், அதுவும் அன்று முதல் வரும் கடன்களுக்கு மட்டும். பேட்டரிக்காரர்கள் இப்போது அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கிராஞ்சிக் கடனுக்கு மட்டும் திருத்தம் பொருந்தவில்லை. அது "குழுவின் பதில் நிலுவையில்" என்ற பட்டியலில், திரு லிம்மின் பெயருக்கு எதிரே தங்கிவிட்டது. தணிக்கையாளர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டார்கள், நாங்கள் ஒவ்வொரு முறையும் நினைவூட்டல் அனுப்பினோம். கடன் ஒழுங்காக அடைந்துகொண்டிருந்தது. ஆனாலும் அந்த ஒரு வரிக்காக அவருடைய பதவி உயர்வை, பதில் வந்ததும் பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார்கள். உயர்வு அப்படியே நிற்க, அவர் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விருந்தில், நான் விட்டுச்செல்லும் ஒரே சொத்து அந்த வரிதான் என்று என் பக்கம் கைகாட்டினார். அவர் நாற்காலியோடு அதையும் நான் ஏற்றுக்கொண்டேன்.

பதில் ஒருநாள் வந்தது. பழைய நிலுவைகளைத் தீர்க்கச் சொல்லிக் குழுவுக்கு யாரோ உத்தரவு போட்டிருக்க வேண்டும். மிகச் சுருக்கமான கடிதம்: "தங்கள் விதிவிலக்குக் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. குறிப்பிட்ட மாதிரித் தகடு கிராஞ்சியில் உள்ள மசாலா ஆலையில் பத்தாண்டுகளுக்குக் குறையாமல் வணிக அளவில் இயங்கி நிரூபிக்கப்பட்டிருப்பதாகத் தெரிகிறது. விதி நிறைவேறுவதால் விலக்கு தேவையில்லை. கடன் வழங்கலாம்."

புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் என் வீட்டுக்குப் போகும்வரைகூடப் பொறுக்காமல் திரு லிம்மை அழைத்து முழுவதையும் வாசித்தேன்.

"கேள்வி ஏதும் கேட்டிருக்கிறார்களா?" என்றார்.

"இல்லை."

"நன்றாகப் பார். பின்பக்கம்?"

"பின்பக்கம் காலி."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடியும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பெயருக்கு எதிரே காலியாகக் கிடந்த கட்டத்தில் பதில் வந்த தேதியை எழுதி, பட்டியலிலிருந்து அந்த வரியை அடித்தேன். அது தைப்பூசத்துக்கு மறுநாள்.